கடைக்கால் இட்ட கேரி கில்டால்

வானளாவி நிற்கும் மாடங்களைக் கண்டு வியப்போர் பலர். அவற்றைத் தாங்கி மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கடைக்காலை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அறிவியல் உலகிலும் இந்நிலையே. கணிப்பொறித் துறை என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர்கள் சில உண்டு. செல்வத்தாலும் விளம்பரத்தாலும் நாடெங்கும் பரவிய பெயர்கள் அவை. ஆனால் நம் விடுதி அறைகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் உள்ள கணிப்பொறிகள் விழித்தெழும்போது முதன்முதலில் இயங்கும் அந்தச் சிறு நிரலுக்குப் 'பயாஸ்' என்று பெயரிட்டவர் யார் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? அவர் பெயர் கேரி கில்டால். மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயினும், நாள்தோறும் நம் மேசைமேல் வேலை செய்து கொண்டிருக்கும் அப்பெரியாரின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்டன் ரீச்சில் ஓர் இரவு

இம்மனிதரைப் பற்றி நான் அறிய நேர்ந்ததே ஒரு தொல்லையால்தான். அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் கார்டன் ரீச்சில் என் தாய்மாமா வீட்டில் தங்கிப் படித்து வருகிறேன். மாமா தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகத்தில் எழுத்தர். வீட்டிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் ஹூக்ளி ஆறு. அக்கரையில் சிப்பூர்த் தாவரப் பூங்கா. இக்கரையில் கப்பல் கட்டும் தளம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலாகிய அஜய் 1961-இல் வெளிவந்தது இத்தளத்திலிருந்துதான். சற்றே மேற்காகச் சென்றால் மட்டியாபுருஜ். அங்கே தெருத்தெருவாகத் தையல் இயந்திரங்களின் ஓசை. வங்காளி, இந்தி, உருது, இடையிடையே எங்கள் தமிழ் என்று பல மொழிகள் கலந்து ஒலிக்கும் இடம் இது.

என் முதுகலை ஆய்வேட்டிற்கு மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மாமா மகன் 2018-இல் வாங்கிவிட்டுப் பின்னர் வேலைக்காக வெளியூர் சென்றபோது விட்டுச் சென்ற கணிப்பொறி ஒன்றே எனக்குத் துணை. ஒரு முறை கணக்கிட அது 14 மணி நேரம் எடுத்துக் கொள்ளும். இருபது முறையேனும் கணக்கிட வேண்டும். ஏடு ஒப்படைக்கவோ மூன்று வாரமே எஞ்சியிருந்தது. ஆகவே, மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 7,000 ரூபாயைக் கொண்டு சாந்தினிப் பகுதிக் கடையொன்றில் விரைவு மிக்க பழைய பிராசசர் ஒன்றை வாங்கி வந்தேன். ரைசன் 5000 வரிசையைச் சேர்ந்தது அது. என் மதர்போர்டில் உள்ள குழியும் அதன் ஊசிகளும் இம்மியும் பிசகாமல் பொருந்தின. விசையை அழுத்தினேன். விசிறி சுழன்றது; விளக்கு எரிந்தது; திரை மட்டும் இருண்டே கிடந்தது.

கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டினேன். விடிந்ததும் சென்று சண்டையிடுவது என்றும் உறுதி செய்து கொண்டேன். மாமாதான் தடுத்தார். ஒருவர்மேல் பழி சொல்லுமுன் நம் பக்கத்தில் குறை உண்டா என்று பார்த்துவிட்டுப் போ என்பது அவர் அறிவுரை. ஆய்வுக் கூடத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: பலகையில் உள்ள பயாஸ் எந்த ஆண்டினது? பார்த்தேன், 2018. பிராசசர் வரிசையோ 2020-இன் இறுதியில் வெளிவந்தது. பிறவாத பிள்ளையின் முகத்தை இந்தப் பலகை எவ்வாறு அறிந்திருக்கும்? குறை கடைக்காரரிடம் இல்லை. என் அறியாமையில்தான் இருந்தது.

பயாஸ் என்பது யாது?

மின்சாரம் பாய்ந்த கணத்தில் பிராசசருக்கு ஒன்றும் தெரியாது. திரை எங்கே, வட்டு எங்கே, நினைவகம் எவ்வளவு என்பவற்றை அது அறியாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி நடப்பதே அது செய்யவல்லது. அவ்விடத்தில் இருக்க வேண்டிய குறிப்புகள் மதர்போர்டில் உள்ள விரல்நகம் அளவான ஒரு சில்லில் எழுதப்பட்டுள்ளன. அவையே பயாஸ். அடிப்படை உள்ளிடல் வெளியிடல் அமைப்பு என்பது அதன் விரிவு. வந்திருக்கும் பிராசசர் எவ்வினத்தது என்று அதன் அடையாள எண்ணால் அறிந்து, அதற்குத் தக்க மின்னழுத்தம் கொடுத்து, அதற்குரிய திருத்தக் குறிப்புகளை அதனுள் ஏற்றி, நினைவகத்தைப் பழக்கி, பிறகே விண்டோஸையோ லினக்ஸையோ அழைத்து ஆட்சியை அதன் கையில் ஒப்படைக்கும். புதிய பிராசசரைப் பற்றிய குறிப்பு சில்லில் இல்லையெனில் தொடக்கமே இல்லை. அக்குறிப்பைச் சேர்த்து எழுதுவதைத்தான் பயாஸைப் புதுப்பித்தல் என்கிறோம். இன்றைய பலகைகளில் இருப்பது யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய வடிவமே எனினும், வழக்கில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

அப்பெயரின் மூலத்தைத் தேடிச் சென்றபோதுதான் கில்டாலைக் கண்டேன்.

பிறப்பும் இளமையும்

கேரி கில்டால் 1942-ஆம் ஆண்டு மே திங்கள் 19-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகரில் பிறந்தார். அதுவும் ஒரு துறைமுக நகரம். அவருடைய குடும்பத்தார் அந்நகரில் கப்பலோட்டும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். பாட்டனார் தொடங்கி வைத்த பள்ளியைத் தந்தையார் தொடர்ந்து நடத்தினார். விண்மீனைக் கொண்டு கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பது, கடலின் ஏற்றவற்றத்தை அளந்து சொல்வது போன்றவை அவர் வீட்டில் அன்றாடப் பேச்சு.

பள்ளி நாட்களில் கேரி முதல் வரிசை மாணவராக விளங்கவில்லை. பாடப் புத்தகத்தைவிடக் கார் எஞ்சினும் மின்கம்பிகளும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டுவதில் அவருக்குத் தனி இன்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பப் பள்ளியிலேயே சிறிது காலம் பாடம் நடத்தினார். கற்பிக்கும் பணி அவருக்குப் பிடித்துப்போயிற்று. கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்துடன் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். தம்முடன் பள்ளியில் பயின்ற டோரதி மெக்யூவன் என்னும் நங்கையை 1963-இல் மணந்து கொண்டார்.

பல்கலைக் கழகத்தில்தான் கணிப்பொறி அவர் வாழ்வில் குறுக்கிட்டது. குடும்பப் பள்ளிக்குப் பயன்படும் ஏற்றவற்ற அட்டவணையைக் கணக்கிட ஃபோர்ட்ரான் மொழியில் அவர் ஒரு நிரல் எழுதினார். நாள் கணக்கில் மனிதர் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கைப் பொறி சலிப்பின்றிப் போட்டு முடித்தது. ஹூக்ளிக் கரையில் வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வெள்ளம் ஏறும் நேரம் அறியாமல் எந்த மாலுமியும் கிதர்ப்பூர்த் துறைக்குக் கப்பலைக் கொண்டுவர மாட்டார் அன்றோ? கணித ஆசிரியராக வந்தவர் கணிப்பொறி மாணவராக மாறினார். 1967-இல் இளங்கலைப் பட்டமும், 1968-இல் முதுகலைப் பட்டமும், 1972-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

கப்பற்படைக் கல்லூரியில்

அது வியட்நாம் போர் நடந்த காலம். இளைஞர்கள் கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்பட்டனர். கில்டால் கப்பற்படையில் சேர்ந்தார். போர்க்கப்பலில் செல்வதா, கலிபோர்னியாவில் மாண்டரே என்னும் ஊரில் உள்ள கப்பற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்துவதா என்னும் நிலை வந்தபோது அவர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். 1969 முதல் அங்கே ஆசிரியப் பணி புரிந்தார். நிரல்களைப் பொறியே ஆராய்ந்து செம்மைப்படுத்துவது எவ்வாறு என்பது பற்றி 1973-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் கணிப்பொறியியல் மாணவர் பாடங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவ்வொரு கட்டுரையோடு அவர் நின்றிருந்தாலும் அறிஞர் வரிசையில் அவருக்கு இடம் இருந்திருக்கும். ஆனால் அவர் கவனத்தை வேறொன்று ஈர்த்தது.

1971-இன் இறுதியில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் சிறு பிராசசரை வெளியிட்டது. ஒரு பெரிய அறையை அடைத்துக் கொண்டிருந்த கணிப்பொறியின் மூளை, 25 டாலருக்குக் கிடைக்கும் ஒரு சிறு சில்லாக வந்திருப்பதாக விளம்பரம் கூறியது. படித்தவர் பலர் அதை விளையாட்டுப் பொருளாக எண்ணி ஒதுக்கினர். கில்டாலோ தம் தந்தைக்குக் கப்பல் வழி கணிக்கும் கருவி ஒன்றை இதைக் கொண்டு செய்யலாமே என்று எண்ணினார். சில்லின் செயலைக் கல்லூரியின் பெரிய கணிப்பொறியிலேயே போலச் செய்து பார்த்து நிரல்கள் எழுதினார். அந்தச் சில் அவர் எண்ணிய கருவிக்குப் போதுமான ஆற்றல் உடையதாக இல்லை. ஆயினும் முயற்சி வீண் போகவில்லை. இன்டெல் நிறுவனத்தார் அவரை வாரத்தில் ஒரு நாள் தமக்கு ஆலோசகராக வைத்துக் கொண்டனர். 1973-இல் அவர் பி.எல்./எம். என்னும் மொழியை உருவாக்கினார். சிறு பிராசசர்களுக்கென எழுந்த முதல் உயர்நிலை மொழி அதுவே.

கொட்டிலில் பிறந்த குழந்தை

பிராசசர் மட்டும் இருந்தால் போதுமா? எழுதிய நிரலைச் சேமித்து வைக்க ஓர் இடம் வேண்டும். அந்நாளில் துளையிட்ட காகித நாடாதான் அதற்கு வழி. ஒரு சிறு மாற்றம் செய்தாலும் நாடாவை மீண்டும் முதலிலிருந்து துளைத்து, மீண்டும் படிக்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் நெகிழ்வட்டு புதிதாக வந்திருந்தது. ஷுகார்ட் நிறுவனத்திடமிருந்து கில்டால் ஒரு வட்டியக்கியைப் பெற்றார். ஆனால் அதனைச் சிறு கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்று எங்கும் இல்லை. தாமே செய்ய முயன்று தோற்றார். பின்னர் ஜான் டொரோடி என்னும் நண்பர் கைகொடுத்தார். நண்பர் மின்சுற்றை அமைக்க, கில்டால் அதனை ஆளும் நிரலை எழுதினார்.

பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் அவர் வீட்டுக்குப் பின்புறம் இருந்த கருவிக் கொட்டிலே ஆய்வுக் கூடம். 1974-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அங்கே அப்பொறி வட்டிலிருந்து படித்து, ஆணையைக் கேட்டு, விடை கூறியது. அவ்வமைப்பே சி.பி./எம். இன்டெல் நிறுவனத்தார் பி.எல்./எம். மொழியை ஏற்றுக் கொண்டனரேயன்றி, இதனை வேண்டாம் என்றனர். கில்டால் மனம் தளரவில்லை. தாமும் மனைவியுமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் என்று பெயர் பெற்றது. ஆராய்ச்சி கணவருடையது; கணக்கு, கடிதம், வணிகம் ஆகியவை டோரதியுடையவை. ஒரு படி 70 டாலர் அளவில், இதழ்களில் விளம்பரம் செய்து விற்றனர்.

பயாஸ் தோன்றிய விதம்

இனிதான் நம் கதையின் நடுநாயகமான பகுதி வருகிறது. அந்நாளில் சிறு கணிப்பொறி செய்யும் நிறுவனங்கள் காளான்போல் முளைத்தன. ஒவ்வொன்றின் வட்டும் வேறு; தட்டச்சுப் பலகை வேறு; திரை வேறு. ஒவ்வொன்றுக்கும் கில்டால் தம் நிரல் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஒரு கணிப்பொறிக்கு எழுதி முடிப்பதற்குள் மற்றொன்று வந்து வாசலில் நின்றது. இம்சாய் என்னும் நிறுவனமும் தன் பொறிக்கு ஏற்றபடி சி.பி./எம். வேண்டும் என்று கேட்டபோது, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு பொறிக்கும் மாறுபடும் பகுதி எது, எப்பொறியிலும் மாறாத பகுதி எது என்று பிரித்தார். மாறாத பகுதி மேலே நின்றது. மாறும் பகுதியை மட்டும் சிறு துண்டாகத் தனியே அடியில் வைத்தார். 1975-ஆம் ஆண்டளவில் அவ்வடிப்பகுதிக்கு அவர் இட்ட பெயரே பயாஸ்.

பெரிய கணிப்பொறிகளில் இத்தகைய பிரிவினை முன்பே ஓரளவு உண்டு. ஆனால் சில ஆயிரம் எழுத்துகளே நினைவகமாக இருந்த சிறு பொறியில் இதனைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் செய்து காட்டியது அவர் திறமை. 1979-இல் வந்த சி.பி./எம். 2.2 பதிப்பில் மேற்பகுதி பயாஸிடம் கேட்கக்கூடிய வேலைகள் மொத்தம் 17 தான். ஓர் எழுத்தைப் படி, ஓர் எழுத்தைக் காட்டு, இந்தத் தடத்துக்குச் செல், இந்தத் துண்டைப் படி, இதனை எழுது. இவ்வாறு பதினேழு. புதிய கணிப்பொறி செய்பவர் இப்பதினேழுக்கும் தம் பொறியில் விடை எழுதிவிட்டால் போதும். மேலே உள்ள அனைத்தும் ஓர் எழுத்தும் மாறாமல் ஓடும்.

இதனை எங்கள் வீட்டைக் கொண்டே விளக்கலாம். மாமா முதலில் கரக்பூரில் இருந்தார். பிறகு கார்டன் ரீச்சுக்கு மாற்றலாகி வந்தார். ஊர் மாறியது, கடைத்தெரு மாறியது, பேசும் மொழிகளின் கலவையும் மாறியது. ஆனால் அத்தையின் சமையல் மாறவில்லை. வீட்டில் பேசும் தமிழும் மாறவில்லை. காரணம் என்ன? மீன்காரரிடம் வங்காளியிலும், பால்காரரிடம் இந்தியிலும் பேசி, அத்தை கேட்டதை வாங்கி வந்து கொடுக்க மாமா இருந்தார். புதிய ஊருக்கு வந்தபோது புதிதாகக் கற்றவர் அவர் ஒருவரே. வீட்டுக்கு அவர் எத்தகையவரோ, கணிப்பொறிக்குப் பயாஸ் அத்தகையது.

இவ்வொரு பிரிவினையின் விளைவு பெரிது. இம்சாய் நிறுவனம் 25,000 டாலர் கொடுத்து உரிமை பெற்றது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் சுமார் 3,000 வகைக் கணிப்பொறிகளில் சி.பி./எம். ஓடியது. அதற்கு முன் ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொரு பொறியில் பயன்படாது. இப்போதோ வேர்ட்ஸ்டார் போன்ற ஒரு நிரலை ஒருமுறை எழுதினால் எங்கும் விற்கலாம் என்னும் நிலை வந்தது. நிரல் எழுதுவதையே தனித்தொழிலாகக் கொண்டு பிழைக்க முடியும் என்பதற்கு வழி வகுத்தவர்களுள் கில்டால் முன்னணியில் நின்றார்.

கைநழுவிய வாய்ப்பு

1980-ஆம் ஆண்டு ஐ.பி.எம். என்னும் பெருநிறுவனம் சொந்தக் கணிப்பொறி ஒன்றைச் செய்ய முற்பட்டது. அதற்கு ஆட்சி நிரல் வேண்டிக் கில்டாலின் வீடு தேடி வந்தது. அன்று காலை கில்டால் வணிக வேலையாகத் தம் சிறு விமானத்தில் வெளியூர் சென்றிருந்தார். பேச்சைத் தொடங்கும் முன்பே கையெழுத்திட வேண்டும் என்று ஐ.பி.எம். நீட்டிய இரகசிய ஒப்பந்தத்தை டோரதி உடனே ஏற்கவில்லை. அன்று பிற்பகல் என்ன நடந்தது என்பதை இருதரப்பாரும் வெவ்வேறாகவே கூறினர். ஒரே தொகை பெற்றுக் கொண்டு உரிமையைக் கொடுத்துவிடக் கில்டாலுக்கு மனமில்லை என்பது மட்டும் தெளிவு. பேச்சு முடிவு பெறவில்லை.

ஐ.பி.எம். மைக்ரோசாஃப்டை நாடியது. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர் சி.பி./எம். அமைப்பைப் பின்பற்றி எழுதிய நிரல் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வாங்கித் திருத்திக் கொடுத்தது. கில்டாலின் பிறந்த ஊரிலிருந்தே அவருக்குப் போட்டி பிறந்தது விதியின் விளையாட்டுப் போலும்! 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கணிப்பொறி வெளிவந்தது. தம் அமைப்பின் சாயல் அதில் இருப்பதைக் கண்டு கில்டால் முறையிட்டார். அவருடைய நிரலையும் உடன் விற்பதாக ஐ.பி.எம். ஒப்புக் கொண்டது. விற்கவும் செய்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் நிரலின் விலை 40 டாலர். கில்டாலுடையது 240 டாலர். வாங்குவோர் எதை எடுத்திருப்பர் என்று கூற வேண்டுமோ?

விமானத்தில் உல்லாசமாகப் பறந்து கொண்டிருந்ததால் உலகப் பெருஞ்செல்வத்தை இழந்தவர் என்று பிற்காலத்தார் அவரை எள்ளினர். வேலையின் பொருட்டுச் சென்றார் என்பதும், அன்றே திரும்பினார் என்பதும் அக்கதையில் இடம்பெறவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஐ.பி.எம். கணிப்பொறியின் பலகையில், அழியாத சில்லில் எழுதி வைத்திருந்த அடிப்படைக் குறிப்புகளுக்கு ஐ.பி.எம். வழங்கிய பெயரும் பயாஸ்தான். நிரல் தோற்றது, பெயர் வென்றது. பின்னர் காம்பாக், ஃபீனிக்ஸ் முதலிய நிறுவனங்கள் அப்பயாஸைப் பாராமலே அதன் வேலைகளைத் தாமே புதிதாக எழுதிக் கொண்டன. எவர் செய்த பலகையிலும் ஒரே நிரல் ஓடும் நிலை உலகெங்கும் பரவியது. நம் போன்ற மாணவர் கணிப்பொறி வாங்க முடிகிற அளவுக்கு விலை இறங்கியதும் அதனால்தான்.

பிற்கால வாழ்வு

தோல்வியோடு அவர் உழைப்பு ஓயவில்லை. 1983 முதல் 1990 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் கணிப்பொறி பற்றிய வார நிகழ்ச்சியில் ஸ்டூவர்ட் சீஃபேயுடன் இணைந்து தோன்றினார். போட்டியாளரின் பொருளையும் பகைமை இன்றிப் பொறுமையாக விளக்கும் நல்லாசிரியரை அங்கே காணலாம். ஒளிவட்டில் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் அடக்கி 1985-இல் வெளிவரச் செய்த முன்னோடியும் அவரே. 1991-இல் அவர் நிறுவனத்தை நாவெல் வாங்கிக் கொண்டது. பின்னர் டெக்சஸ் மாநிலத்தில் குடியேறினார். எய்ட்ஸ் நோயுற்ற குழந்தைகளுக்கான அறப்பணியிலும் ஈடுபட்டார்.

ஆயினும் உள்ளத்தின் புண் ஆறவில்லை. டோரதியுடனான மணவாழ்வு 1983-இல் முறிந்தது. 1992-இல் தாம் படித்த பல்கலைக் கழகத்தின் கணிப்பொறித் துறை விழாவுக்கு அழைக்கப்பட்டபோது, அங்கே தலைமைச் சொற்பொழிவு தமக்கன்றித் தம் போட்டியாளருக்கு என்று அறிந்து மிகவும் வருந்தினார். தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கியதும் அவ்வருத்தத்தால்தான். இறுதி ஆண்டுகளில் மதுப் பழக்கம் அவரை வாட்டியது. 1994 ஜூலையில் மாண்டரேயில் தலையில் அடிபட்டு, 11-ஆம் நாள் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 52. அவர் எழுதிய வரலாற்றின் முற்பகுதியை 2016-இல்தான் அவருடைய மக்கள் உலகுக்கு அளித்தனர். அதற்கு ஈராண்டு முன்னர், 2014-இல், மின் பொறியாளரின் உலகச் சங்கம் பசிபிக் குரோவில் அவர் நிறுவனம் இருந்த வீட்டின் முன் நினைவுப் பட்டயம் பதித்தது. இருபது ஆண்டு தாழ்ந்து வந்த மரியாதை அது!

மீண்டும் அந்தச் சில்

என் கதையையும் முடித்துவிடுகிறேன். அண்ணன் கூறியபடி செய்தேன். முதலில் பழைய பிராசசரையே மீண்டும் பொருத்தினேன். ஏனெனில், பலகைக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் புதிய பாடத்தை எழுத முடியும். பலகை செய்த நிறுவனத்தார் வெளியிட்டுள்ள பட்டியலில் என் பலகையின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சரிபார்த்தேன். எந்தப் பயாஸ் பதிப்பு முதல் இந்தப் பிராசசர் ஏற்கப்படும் என்பது அங்கே இருந்தது. என் பலகை போன்ற பழைய வகைகளுக்கு 2022-இல்தான் அவ்வழி திறக்கப்பட்டது. சில பலகைகளில் சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட் மட்டுமே. புதியவர்களுக்கு இடம் கொடுக்க மிகப் பழைய பிராசசர்களின் குறிப்பை நீக்க வேண்டி வரும். திரும்பிச் செல்ல இயலாது என்ற எச்சரிக்கையும் சிலவற்றில் உண்டு. இவற்றைப் படித்த பின்னரே கோப்பைப் பென் டிரைவில் ஏற்றினேன்.

எழுதும்போது மின்சாரம் நின்றால் சில் பாதி எழுதிய ஓலையாகிவிடும், பலகை எழாது. யு.பி.எஸ். எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டுத் தையற்காரப் பெரியவரிடம் மாமா போய்ப் பேசினார். எனக்குப் பாதியே விளங்கிய இந்தியில் அவர் என்ன சொன்னாரோ, பெரியவர் தம் கடையிலிருந்த யு.பி.எஸ்.ஸைத் தாமே தூக்கி வந்து வைத்தார். முடியும் வரை உடன் அமர்ந்தும் இருந்தார். ஐந்து நிமிடம், கோடு மெல்ல நிறைந்தது, பொறி தானே அணைந்து எழுந்தது. பழைய பிராசசரைக் கழற்றிப் புதியதை வைத்தேன். முதல் முறை எழுந்திருக்கச் சற்று நேரம் எடுத்துக் கொண்டது. பிறகு திரை ஒளிர்ந்தது. என் லினக்ஸிலோ, கணக்கிடும் நிரலிலோ ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. அடியில் உள்ள ஒன்று மட்டும் புதிய விருந்தினரை அறிந்து கொண்டது. மேலே உள்ளவை அனைத்தும் முன்போலவே ஓடின. 14 மணி நேரக் கணக்கு 5 மணி நேரத்தில் முடிந்தது. ஏடும் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது.

கில்டால் வகுத்த நெறி அன்று இரவு என் மேசைமேல் வேலை செய்தது. மாறுவதை மாறாததிலிருந்து பிரித்துவை, மாறுவதைச் சிறிதாக்கு, அதனைத் தனியே வை. நம் ஆய்வுகளுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நண்பர்களே, கில்டாலுக்குச் செல்வம் கிடைக்காமற் போனது உண்மை அன்று. அது அவருக்குப் போதிய அளவு கிடைத்தது. கிடைக்காதது அவர் பெயருக்குரிய இடம். அது அவர் வாழ்ந்த நாளில் மறுக்கப்பட்டதே அவரை வருத்தியது. நம்மில் பலர் இவ்வாண்டு ஆய்வேடு எழுதுகிறோம். நன்றியுரைப் பக்கத்தில் வழிகாட்டியின் பெயரும் துறைத்தலைவரின் பெயரும் தவறாமல் இடம்பெறும். இரவில் ஆய்வுக் கூடத்தைத் திறந்துவிட்டவர், பழுதான கருவியைச் சரிசெய்து கொடுத்தவர், நிரலின் பிழையைக் காட்டிய மூத்த மாணவர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெறட்டும். என் ஏட்டின் நன்றியுரையில் மாமாவுக்கும் தையற்காரப் பெரியவருக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். கடைக்கால் இட்டோரை அவர் இருக்கும் நாளிலேயே நினைப்போம். அதுவே கேரி கில்டாலுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.